எங்கள் வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர்

மலர்க் குழுவிலிருந்து வந்து, "ஏதாவது எழுதிக் கொடுடா, ஆனா கவிதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நாற்பத்து மூணு வந்து கெடக்கு" என்று கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. காதலும் இதுவரை வரவில்லை. எனக்கு வந்த ஒரே ஆசை ஹோம் தியேட்டர் ஆசைதான். எனவே நண்பர்களே, அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா பட்டு நெசவு. முன்கூடம் பத்தடி அகலம், இருபத்திரண்டு அடி நீளம். அதில் பாதிக்கு மேல் தறி. மீதி இடத்தில் டி.வி., என் புத்தகங்கள், தங்கையின் தையல் மிஷின், விருந்தாளி வந்தால் விருந்தாளி. நான் பிறந்து கேட்ட முதல் சத்தம் அம்மாவின் குரலாக இருந்திருக்கும், இரண்டாவது தறியின் சத்தமாகத்தான் இருந்திருக்கும். சாயங்காலம் தெருவில் நின்றால் இந்த வீட்டில் ஒரு தறி, எதிர் வீட்டில் ஒரு தறி, பின்கட்டில் ஒரு தறி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கும். சர்ரவுண்ட் சவுண்ட் என்பது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல!

ஹோம் தியேட்டர் வாங்க என்னிடம் 9,500 ரூபாய் சேர்ந்திருந்தது. இரண்டு வருஷமாகக் கோவில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மைக் செட் அண்ணன் ஒருவருக்கு ஒயர் இழுத்து, ஆம்பிளிஃபயர் தூக்கிச் சேர்த்த காசு. அந்த அண்ணன் கொடுத்த முதல் அறிவுரை: "அட்டைப் பெட்டியில இருக்கிற நம்பரைப் படிக்காத. பின்னாடி இருக்கிற ஸ்டிக்கரைப் படி."

அவர் சொன்னதன் அர்த்தம் காந்தி ரோடு பக்கம் ஒரு கடையில் விளங்கியது. பெட்டியில் பெரிய எழுத்தில் '10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ்'. உள்ளே போவது 60, வெளியே வருவது 10,000 என்றால் கல்பாக்கத்தை மூடிவிட்டு இந்தப் பெட்டியை வைத்தே ஊருக்குக் கரண்ட் கொடுக்கலாமே! பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கணம், கண்ணிமைக்கும் நேரத்தில், ஏதோ ஒரு உச்சத்தைக் கணக்குப் போட்டு எழுதுகிற எண். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதிலும் ஒரு சமாச்சாரம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எங்கள் கூடத்துக்கு உண்மையான 30 வாட்ஸே தாராளம்.

அடுத்து, அந்த '5.1'. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர். ஒன்றை ஏன் புள்ளிக்கு அப்புறம் போட்டார்கள் என்றால், அது 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் சுமக்கிற சிறு தடம், முழுத் தடம் இல்லை. 1940-இல் 'ஃபேன்டேசியா' படத்துக்கே டிஸ்னி கம்பெனியார் திரைக்கு அப்பாலும் ஸ்பீக்கர் வைத்துப் பார்த்துவிட்டார்கள். இன்றைய 5.1 டிஜிட்டலாக வந்தது 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் (டால்பி), மறு வருஷம் 'ஜுராசிக் பார்க்'கில் (டி.டி.எஸ்.). தமிழில் 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்ததைப் பற்றி மைக் செட் அண்ணன் இன்றும் கண் விரியச் சொல்வார்.

ஆனால் கடைகளில் ஐயாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற 5.1 பெட்டிகளில் பாதிக்கு மேல் பின்னால் சிவப்பு, வெள்ளை என்று இரண்டே ஓட்டைகள், ஒரு ப்ளூடூத், ஒரு பென் டிரைவ் துளை. இரண்டு ஒயரில் போவது இரண்டு தடம்தான். அதையே ஐந்தாகப் பிரித்துப் பின்னால் கொஞ்சம் தாமதமாகப் பாட வைப்பார்கள். ஒரு குடம் பாலை ஐந்து குடமாக்குகிற வித்தை! நிஜமான 5.1 வேண்டுமானால் டி.வி.யிலிருந்து ஆப்டிகல் ஒயரோ ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. ஒயரோ வர வேண்டும், பெட்டிக்குள் அதைப் பிரித்துப் படிக்கிற டிகோடர் இருக்க வேண்டும். டி.வி. செட்டிங்கிலும் 'பி.சி.எம்.' என்று இருப்பதை மாற்ற வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்த செட் என் பட்ஜெட்டுக்கு மேலே, பதினான்காயிரம் சொச்சத்தில் நின்றது.

வீட்டில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "மீதிய நான் போடறேன். ஆனா நானும் வந்து கேக்கணும். காசு போடற பொருளைக் கையால தொட்டுப் பாக்காம எப்படி?" என்றார். தங்கையும் தொற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம்.

கடையில் அப்பா செய்த முதல் வேலை ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்ததுதான். "இது பிளாஸ்டிக்கு, கூடச் சேந்து இதுவும் கத்தும். இது மரம், சும்மா இருக்கும்" என்றார். எனக்கு ஆச்சரியம். பெட்டி அதிராமல் இருக்க வேண்டும் என்று நான் மூன்று செமஸ்டர் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் தறிக் கட்டை தட்டியே தெரிந்து வைத்திருந்தார்.

விற்பனைத் தம்பி நல்ல பையன். "அண்ணே, நடுவுல உக்காருங்க" என்று அப்பாவைச் சோபாவின் நடுவில் உட்கார வைத்து, விளக்கை அணைத்து, ஹெலிகாப்டர் காட்சி ஒன்றைப் போட்டான். இடது பின்மூலையில் கிளம்பிய ஹெலிகாப்டர் தலைக்கு மேலே சுற்றி வலது முன்மூலைக்குப் போயிற்று. எங்கள் தலையும் கூடவே சுற்றிற்று. அப்பா மட்டும் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"எப்படிப்பா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாச் சத்தமும் இந்தப் பக்கமாத்தானே வருது?" என்று வலது கையைக் காட்டினார்.

தம்பி பதறிப்போய்ப் பின்னால் ஒயரைச் சரிபார்த்தான். பேலன்ஸ் நடுவில்தான் இருந்தது. இடது ஸ்பீக்கர் ஒயரை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிச் செருகி மறுபடி போட்டான். ஹெலிகாப்டர் இப்போது எதிர்ப்பக்கமாகப் பறந்தது.

"இப்பவும் இந்தப் பக்கம்தான் தம்பி" என்றார் அப்பா.

நான் எழுந்து போய் அவருக்கு இடது பக்கம் நின்றேன். மெதுவாக, "அப்பா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். தங்கை என்னைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். இடப்பக்கச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும், தலையைச் சுற்றி வலது காதுக்குப் போக இன்னும் கொஞ்சம் நேரமாகும். அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி செகண்ட்தான் வித்தியாசம். இரண்டு காதிலும் விழுகிற அளவும் சற்று மாறும். மூளை இந்த இரண்டையும் கழித்துப் பார்த்துத் திசை சொல்கிறது. கழிக்க இரண்டு எண் வேண்டும். ஒன்றுதான் இருந்தால்? பதினான்காயிரம் ரூபாய் செட் ஆனாலும் பதினான்கு லட்சம் ரூபாய் செட் ஆனாலும், அப்பாவுக்கு எல்லா ஹெலிகாப்டரும் வலது பக்கத்திலேயேதான் பறக்கும்.

வழியில் அப்பா, "சளி புடிச்சா அடைச்சிக்கும்டா, அவ்வளவுதான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறு விஷயங்கள் ஞாபகம் வந்துகொண்டிருந்தன. இந்த வருஷம் பங்குனி உத்திரத்தில் ராஜவீதி முனையில் நின்றிருந்தோம். இடது கைப் பக்கமிருந்து மேளம் வந்துகொண்டிருந்தது. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருக்க, அப்பா எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

இன்னொன்று, தறியில். கோர்வைப் புடவை பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை. சேர்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா, இரண்டு ஆள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவைப் போடுவது அம்மா. முன்பெல்லாம் "ம்", "ஆச்சு", "இரு" என்று அம்மாவின் குரல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச காலமாக அம்மா பேசுவதில்லை. விரலால் தறிக் கட்டையை இரண்டு தட்டுத் தட்டுவாள். புதுப் பழக்கம் போல என்று நான் அதை யோசித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

"மூணு வருஷமாத் தெரியும்" என்றாள், கீரை ஆய்ந்தபடியே.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப? படிக்கிற புள்ள. வெளிய தெரிஞ்சா கோர்வைப் பாவு குடுக்க யோசிப்பாங்கன்னு ஒங்க அப்பாதான் சொல்ல வேணாம்னாரு."

(இதை மலரில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுதிக்கோ. ஒங்க காலேஜு புஸ்தகத்தை எந்த முதலாளி படிக்கப் போறாரு" என்றார். மலர்க் குழு மன்னிக்க வேண்டும்.)

அன்றிரவு செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிச் சோதித்தேன். 250, 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ். வலது காதில் கொஞ்சம் மங்கல். இடது காதில் 250-க்குத் தலையாட்டினார். 2,000-க்கு மேலே, "போட்டியா இல்லையா?" என்றார். போட்டுத்தான் இருந்தேன், முழு வால்யூமில். இந்தச் சோதனையெல்லாம் நம் ஆர்வத்துக்குத்தான், டாக்டருக்குப் பதிலாகாது. மறு வாரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் அழுக்கு எடுத்தார்கள். அப்பா வெற்றிச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. சிவப்பு வட்டங்கள் ஓரளவு ஒரு வரிசையில் நின்றன. நீலப் பெருக்கல்கள் படிக்கட்டு இறங்குவது போல இறங்கிப் போயின. நரம்பு சம்பந்தப்பட்டது, மருந்தில் சரியாகாது, காது மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். முன்னாடியே வந்திருக்கலாமே என்றும் சொன்னார். அதை எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் ஹோம் தியேட்டர் கணக்கையே மாற்றியது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருக்கிறது. ச, த, ப, க என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற மெய்யெழுத்துகளின் நுணுக்கம் மேலே, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. மேல் பகுதி போய்விட்டால் மனுஷனுக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. 'பாட்டு', 'காட்டு', 'சாட்டு' எல்லாம் ஒன்றுதான். அப்பா டி.வி. வால்யூமை நாற்பதில் வைத்துவிட்டு, "இவன் இன்னா சொல்றான்?" என்று கேட்பதன் ரகசியம் இதுதான். நாங்கள், "காது கிழியுது, குறைப்பா" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறோம்! அதோடு, பலமான கீழ்ச் சத்தம் மேல்ச் சத்தத்தை மூடிவிடும். எங்கள் பத்தடி அகலக் கூடத்தில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிற சத்தம் சுவருக்குச் சுவர் முட்டி இன்னும் வீங்கும். ஆக, நான் ஆசைப்பட்ட அந்த 'தம் தம்' சப் ஊஃபர் அப்பாவின் காதுக்கு எதிரி.

கடைக்குப் போனால் எல்லோரும் சண்டைக் காட்சியையோ ஹெலிகாப்டரையோ போட்டுத்தான் கேட்கிறோம். நான் அப்புறம் போன கடைகளில் எல்லாம் செய்தி வாசிப்பதைப் போடச் சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆனால் பாருங்கள், குண்டு வெடித்தபோது பிரமாதமாக இருந்த செட்டுகளில் பல, வானிலை அறிக்கை வாசிக்கும்போது பானைக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசின.

5.1-இல் படம் எடுப்பவர்கள் வசனத்தில் பெரும்பகுதியை நடு ஸ்பீக்கரில், சென்டர் தடத்தில் வைக்கிறார்கள். பின்னணி இசையும் மழையும் இடியும் பெரும்பாலும் மற்ற தடங்களில். அப்படியானால் அப்பாவுக்கு ஐந்து ஸ்பீக்கர் எதற்கு? அந்த நடு ஒன்றை மட்டும் பிரித்து எடுத்து, அவர் வலது காதுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன?

ரிச்சி தெருவுக்கு நானும் என் வகுப்புத் தோழனும் போனோம். சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அந்தப் பேட்டை 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கியது, 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் இப்படி மருவியது என்பார்கள். தறிக்காரன் மகன் ஸ்பீக்கர் வாங்க அந்த வழியாக நடக்கிறேன் என்று தோழனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன், "பசிக்குது, முதல்ல பரோட்டா" என்றான்.

ஆப்டிகல் உள்ளே வாங்கி ஆறு தடமாகப் பிரித்துக் கொடுக்கிற டிகோடர் பெட்டி 1,850 ரூபாய். டி.டி.ஏ. 2030 ஐ.சி. போட்ட ஆம்பிளிஃபயர் போர்டு 350. (4440 போர்டுதான் வாங்க வேண்டும் என்று தோழன் சண்டை போட்டான். ஒரு ஸ்பீக்கருக்கு எது போட்டாலும் சரிதான், ஆனால் அதை அவனிடம் சொல்ல முடியாது.) 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் 550. நாலு இன்ச் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் 450. ஒயர், ஹீட் சிங்க், ஸ்விட்ச் எல்லாம் 300. பெட்டி மட்டும் ஊரில், தறி செய்கிற ஆசாரியிடம், 600-க்கு. ஆக 4,100. அப்பா அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "சும்மா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஸ்பீக்கரை அப்பா உட்காருகிற நாற்காலிக்கு வலது பக்கம், காது உயரத்தில், சுவரில் மாட்டினேன். எங்கள் டி.வி.யில் ஆப்டிகல் போகும்போதே டி.வி. ஸ்பீக்கரும் பாடும் (எல்லா டி.வி.யிலும் இப்படி இல்லை, வாங்குமுன் பாருங்கள்). எனவே எங்களுக்கு டி.வி. சத்தம், அவருக்கு அவருடைய பெட்டி. முதல் நாள் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலித்தது. டி.வி.யின் ஆடியோ டிலே செட்டிங்கை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தேன். 5.1-இல் வந்த ஒரு படத்தைப் போட்டோம். மழைக் காட்சி. பத்து நிமிஷம் கழித்து அப்பா சிரித்தார், வசனத்துக்கு, எங்களோடு சேர்ந்து, அதே நேரத்தில். வால்யூம் பதினாறில் இருந்தது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஒரு கோளாறு இருந்தது. அம்மாவின் சீரியல் இரண்டு தடத்தில்தான் வருகிறது, சென்டர் தடமே இல்லை. அதனால் அப்பாவின் பெட்டி மௌனம். இடது, வலது இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, 'படம் – சீரியல்' என்று ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தேன். ராத்திரி எட்டு மணி ஆனால் அப்பா அதை 'படம்' பக்கமே தள்ளி வைத்துவிடுகிறார். கேட்டால், "ஸ்விட்ச்சு லூஸா இருக்குடா" என்கிறார். ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது.

மீதி 5,400 ரூபாய் அலமாரியில் இருக்கிறது. காது மிஷின் வைத்துப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நெசவாளர் அடையாள அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் அப்பா டிகோடர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுலதான் ஒயர் போவுது. மீதி அஞ்சு ஓட்டை எதுக்கு?"

"மத்த ஸ்பீக்கருக்குப்பா. ஹெலிகாப்டர் சுத்துதே, அதுக்கு."

"ஓ" என்று வைத்துவிட்டுத் தறிக்குப் போனார். கோர்வைப் பாவு ஒன்று முடிய இன்னும் நாலு நாள் வேலை இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும் அம்மா கட்டையைத் தட்டுவது கேட்கிறது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு